இரவல் அத்தை

அத்தையின் துணி அலமாரிக் கதவு கழன்று அவள் கால் மேலேயே விழுந்த பிறகுதான் குடும்பத்தில் எல்லோருக்கும் அந்த அலமாரியின் மேல் அக்கறை பிறந்தது.

கதவு என்ன செய்யும், பாவம். உள்ளே திணித்திருந்த துணிகள் வருடக்கணக்கில் அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. அத்தை இந்தப் பக்கமிருந்து இடுப்பால் ஒரு இடி இடித்துச் சாத்துவாள். இரண்டு பக்கமும் அடி வாங்கிய கீல், ஒரு நாள் காலையில் போதுமடா சாமி என்று கையை விரித்துவிட்டது. அத்தைக்குக் கால் கட்டைவிரலில் எலும்பு விரிசல். கட்டுப் போட்ட டாக்டர், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்காரச் சொன்னார்.

கப்பலில் வேலை பார்க்கும் அத்தை மகன், நடுக்கடலிலிருந்து அத்தையின் அண்ணன் மகள் குட்டிக்குப் போன் செய்தான். "நீ போய் அந்தக் குப்பையெல்லாம் கழிச்சுக் கட்டு குட்டி. உனக்குத்தான் அது கை வரும்."

குட்டிக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆனாலும் அத்தை வாயால் ஒருமுறை வைத்த பேர் அத்தனை எளிதில் மாறிவிடாது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவள் பொறுப்பாளர். காலாவதித் தேதி பார்த்துப் பெட்டி பெட்டியாக மருந்துகளைக் கழிப்பது அவள் வேலையில் பாதி. மீதிப் பாதியை வீட்டில் செய்வாள். ஷாம்பூ பாட்டிலைக்கூடத் தேதி பார்த்துத்தான் குளியலறையில் விடுவாள். அவள் புருஷன் தன் முதுகில் ஏதாவது தேதி அச்சடித்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்வதாகச் சித்தப்பா சொல்வார். இப்படிப்பட்டவளுக்கு மூடாத ஓர் அலமாரி கிடைத்தால் விடுவாளா? அந்த ஞாயிற்றுக்கிழமையே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

அத்தை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை தொலைந்துபோய் அலுவலக அறையில் அழுதுகொண்டிருக்கிறது என்பதையெல்லாம் ஒரே இனிமையான குரலில் சொல்லிச் சொல்லி, அவள் வாயிலிருந்து எது வந்தாலும் ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயம் போலவே ஒலிக்கும். 'இந்தக் குடையை எடுத்துக்கறேன்' என்று அவள் சொன்னால், குடைக்காரருக்கே அந்தக் குடை இன்னும் சற்று நேரத்தில் புறப்படப்போகிறது என்றுதான் தோன்றும்.

குட்டி தரையில் மூன்று போர்வைகளை விரித்தாள்.

"இது வச்சுக்கறது. இது யாருக்காவது குடுக்கறது. இது தூக்கிப் போடறது. சரியா அத்தை?"

கட்டிலில் சாய்ந்து, முக்காலி மேல் தலையணை, தலையணை மேல் கால் என்று அமர்ந்திருந்த அத்தை எட்டிப் பார்த்தாள். "சரி. அந்த மூணாவது போர்வை எதுக்கு? மடிச்சு வை, சும்மா அழுக்காகும்."

முதலில் வந்தது முழங்கை கிழிந்த ஒரு நைட்டி.

"கிழிஞ்சிருக்கு அத்தை."

"கைதானே கிழிஞ்சிருக்கு? வெட்டிட்டா அரைக்கை."

அடுத்தது, குட்டிக்கே இடுப்பில் ஏறாத ஒரு பாவாடை.

"இது உங்களுக்குப் பத்துமா?"

"இப்பப் பத்தாது. கால் சரியானதும் நடக்கப் போறேன். நடந்தா எளைப்பேன்."

"எத்தனை வருஷமா நடக்கப் போறீங்க?"

"அதுக்குத்தானே ஷூ வாங்கி வச்சிருக்கேன்? கீழ்த்தட்டுல பாரு. டப்பாகூடப் பிரிக்கல."

ஒரு பை வந்தது. அதற்குள் பைகள். அவற்றுக்குள் இன்னும் சின்னப் பைகள். பிறகு ஒரு கூடை நிறைய ஒற்றைக் காலுறைகள். ஜோடி என்றாவது வந்து சேரும் என்பது அத்தையின் கட்சி. எங்கேயிருந்து வரும் என்று குட்டி கேட்டதற்கு, தொலைந்துபோன குழந்தைகளே வந்து சேரும்போது காலுறை வராதா என்றாள். செத்துப்போன மாமாவின் சட்டைகள் இரண்டே இரண்டு, ஒரு ஓரத்தில் ஒண்டிக்கொண்டு தொங்கின. மாமா உயிரோடு இருந்தபோதும் அந்த அலமாரியில் அவருக்கு விட்ட இடம் அவ்வளவுதான். மனிதர் ஒரு சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு, மற்றதை மாட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் காலத்தை ஓட்டிவிட்டார்.

நடுத்தட்டைக் கலைத்தபோது கனமான மழைக்கோட்டு ஒன்று வெளியே வந்தது. முதுகில் மின்வாரியத்தின் முத்திரை. உட்புறம் ஒரு எண். மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்த சித்தப்பாவின் கோட்டு அது.

"அத்தை! இதத் தொலைச்சிட்டார்னுதானே சித்தப்பாவுக்கு ஆபீஸ்ல மெமோ குடுத்தாங்க?"

"தொலைக்கல. என்கிட்டக் குடுத்தான்."

"அவரா குடுத்தார்?"

"கேட்டேன். சரின்னான்."

"முழிச்சிருந்தாரா?"

அத்தை நேர்மையாக யோசித்தாள். "கண்ணு மூடியிருந்துது. ஆனா சரின்னான்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அத்தைக்குக் கை நீளம் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். எதையும் அவள் கேட்காமல் எடுத்ததே இல்லை. யாரிடம் கேட்டாள், எப்போது கேட்டாள் என்பதில்தான் சிக்கல். தூங்குகிறவர்களிடம் கேட்பாள். போனில் சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்களிடம் கேட்பாள். ஒருத்தியின் கைப்பை வேண்டுமென்றால் அவளுடைய பேச்சு வராத பிள்ளையிடம் கேட்பாள். அது சிரித்தால் சம்மதம். வாங்கியதைத் திருப்பித் தர மாட்டேன் என்றும் சொன்னவள் இல்லை. யாராவது வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தாள். எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் எப்படி வந்து கேட்பார்கள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வேலை கொண்டாட்டமாகவே போனது. குட்டி ஒவ்வொன்றாக உருவி உருவிப் பார்த்துச் சிரித்தாள். கல்லூரியில் தொலைத்துவிட்டு இரண்டு நாள் அழுத அவளுடைய சிவப்பு ஸ்வெட்டர். சித்தியின் மணி கோத்த கைப்பை. எதிர்வீட்டு வாத்தியாரின் கழுத்து டை. டை எதற்கு என்று கேட்டால், பெட்டி கட்ட வசதியாக இருக்கும் என்றாள் அத்தை.

கடைசித் தட்டின் ஆழத்தில், பழைய தலையணை உறைக்குள், ஒரு நீலச் சால்வை இருந்தது. ஓரத்தில் வெள்ளி நூலில் இலை இலையாகப் பின்னல்.

குட்டியின் சிரிப்பு அப்படியே நின்றது.

அது அவள் அம்மாவின் சால்வை. குட்டி ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது காணாமல் போனது. அப்போது அவர்கள் வீட்டில் வேலைக்கு ஒரு பெண் இருந்தாள். சுருட்டை முடி என்பதால் குட்டிக்கு அவள் சுருட்டை அக்கா. குட்டிக்குத் தலை வாரி, பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டு, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்பவள். சால்வையைக் காணோம் என்றதும் அம்மா முன்னறையில் எல்லோர் முன்னாலும் அவள் பையைக் கவிழ்த்தாள். ஒரு சீப்பு விழுந்தது. தலைவலித் தைல டப்பா, பஸ் டிக்கெட்டுகள், கடித்து மிச்சம் வைத்த பிஸ்கெட் பாக்கெட். சால்வை விழவில்லை. விழாததால் அவள் அதை விற்றுவிட்டாள் என்று தீர்ப்பாயிற்று. சுருட்டை அக்கா தரையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

"இது எப்படி அத்தை இங்க வந்துது?"

"உங்கம்மா குடுத்தா."

"எப்ப?"

"ஒரு நாள் சாயங்காலம். குளிரா இருந்துது. குளிச்சிட்டிருந்தா. கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். 'ம்'னா."

"தண்ணிச் சத்தத்துல அவங்களுக்கு என்ன கேட்டிருக்கும்?"

"என் குரல் கேக்காதா? பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்ட குரல்டி இது."

"அப்புறம் வீடே தேடினாங்களே, அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"தேடினது தெரியும். நானும்தான் சேர்ந்து தேடினேன். எதையோ காணோம்னாங்க, கட்டிலுக்கு அடியிலகூடக் குனிஞ்சு பார்த்தேன். எதைன்னு யாரும் எனக்குச் சொல்லல."

"சுருட்டை அக்காவ வேலைய விட்டு அனுப்பினாங்களே?"

"அவளா?" அத்தையின் முகத்தில் முதல் முறையாக ஒரு சுளிப்பு வந்தது. "கல்யாணம் ஆகிப் போயிட்டான்னுதானே அண்ணி சொன்னா?"

குட்டி அந்த நிமிடமே அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா முழுவதையும் கேட்கவில்லை. சால்வை என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். "வெள்ளி இலை போட்டதா? பூச்சி அரிக்கலியே? யார் கைலயும் குடுக்காத, நான் வர்றேன்" என்றாள். வரும் வழியில் சித்தப்பாவுக்கும் சொல்லிவிட்டாள். கால் உடைந்தவளைப் பார்க்க ஒரு வாரமாக நேரம் கிடைக்காத இரண்டு பேரும் ஒரு மணி நேரத்துக்குள் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார்கள்.

வந்தவர்கள் காலைப் பற்றிக் கேட்டார்கள் என்று சொல்ல வேண்டும். அத்தை பதில் சொல்வதற்குள் இருவரும் போர்வைகளின் பக்கம் போய்விட்டார்கள்.

சித்தப்பா கோட்டை மாட்டிக்கொண்டு பொத்தான் போடப் பார்த்தார். வயிறு இடம் கொடுக்கவில்லை. "இதுக்காக அந்த அதிகாரி என்னை என்ன பேச்சுப் பேசினான் தெரியுமாக்கா?" என்றார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றாள் அத்தை, மனத்தாங்கலோடு.

அம்மா சால்வையை முகத்தோடு சேர்த்து மோந்து பார்த்தாள். பிறகு மணி கோத்த கைப்பையையும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டாள். சித்தப்பா, அது என் பொண்டாட்டியோடது என்றார். உன் பொண்டாட்டி என்கிட்டே இருந்து வாங்கிப் போனது என்றாள் அம்மா. விசாரித்துக்கொண்டே போனதில், அந்தக் கைப்பை அம்மாவின் அக்கா வீட்டிலிருந்து வந்தது என்றும், அந்தப் பெரியம்மா அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம் என்றும் தெரிந்தது. பேச்சை யாரோ சட்டென்று வேறு பக்கம் திருப்பினார்கள்.

குட்டி தரையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை வீட்டுச் சாமான் அத்தையிடம் அகப்பட்டிருக்கிறது. எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சித்தப்பா 'இரவல் அத்தை' என்று பட்டப்பேர்கூட வைத்துவிட்டார். அத்தையின் பையை யாரும் கவிழ்க்கவில்லை.

"அம்மா, சுருட்டை அக்கா எடுக்கல. தெரியுதா?"

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "இப்ப எதுக்கு அந்தப் பழைய கதை? அவ எப்படியும் நாலு மாசத்துல போயிருப்பா."

"பைய கவிழ்த்தீங்களேம்மா."

"எல்லா வீட்டுலயும் செய்யறதுதான். நானாவது போலீஸுக்குப் போகாம விட்டேன்." கொஞ்ச நேரம் சால்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, பாவம்தான். ஏதாவது செய்யணும்" என்றாள்.

செய்யவும் செய்தாள். நடுப் போர்வையிலிருந்து, யாரும் உரிமை கொண்டாடாத துணிகளில் கொஞ்சம் பார்க்கும்படியாக இருந்தவற்றைப் பொறுக்கி, ஒரு பெரிய பையில் அடுக்கி, குட்டியின் பக்கம் நகர்த்தினாள். "தேடிப் பிடிச்சுக் குடுத்துடு. நல்லதாப் பார்த்துத்தான் வச்சிருக்கேன். சந்தோஷப்படுவா."

அந்தப் பையை அங்கேயே கொட்டியிருக்கலாம் என்று குட்டிக்குப் பின்னால் தோன்றியது. அப்போது தோன்றவில்லை. கொடுத்தால் தூக்கிக்கொண்டு போகிற பழக்கம் அவளுக்கும் உண்டு.

சுருட்டை அக்காவைத் தேடுவது பெரிய காரியமாக இருக்கவில்லை. பழைய வீட்டுப் பக்கத்துக் கடைக்காரர் ஒரே விசாரிப்பில் சொல்லிவிட்டார். இத்தனை வருடத்தில் யாரும் விசாரிக்கவில்லை என்பதுதான் விஷயம். நகரத்தின் இன்னொரு முனையில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாளாம்.

குட்டி போனபோது அவள் பாடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். சுருட்டை முடி பாதி வெளுத்து, கழுத்தளவுக்கு வெட்டியிருந்தது. குட்டியை ஏற இறங்கப் பார்த்தாள். "பாப்பாவா? பேசணும்னா பின்னால ஏறிக்கோ. இவருக்கு நேரமாச்சு" என்றாள்.

இவர் என்பது ஓட்டுநர் இருக்கையில் வியர்த்து வழிந்துகொண்டிருந்த ஒரு வங்கி அதிகாரி. வண்டி குலுங்கிக் குலுங்கித் தெருவுக்கு வந்தது. குட்டி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டி, சால்வை கிடைத்த கதையைச் சொன்னாள். அக்கா குறுக்கே பேசவில்லை. அவ்வப்போது "ரெண்டாவது கியர்", "கண்ணாடியப் பாருங்க" என்று அதிகாரியிடம் மட்டும் சொன்னாள். அவள் கால், கற்றுக்கொடுப்பவருக்கென்று அவள் பக்கம் வைத்திருந்த இன்னொரு பிரேக்கின் மேலேயே இருந்தது.

கதை முடிந்ததும், "அதுக்கப்புறம் உங்கம்மா சொல்லி வச்சதுல அந்தப் பக்கம் எந்த வீட்டுலயும் என்னைச் சேர்க்கல" என்றாள். "ரெண்டு வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்துல கார் கழுவினேன். கழுவின வண்டிய நகர்த்தி நிறுத்தப் போய்த்தான் ஓட்டவே கத்துக்கிட்டேன்."

"அப்படின்னா ஒரு விதத்துல நல்லதுக்குத்தான் அக்கா..."

அக்கா மேலே இருந்த கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். "உங்கம்மாதான் அத முதல்ல சொல்வாங்கன்னு நெனைச்சேன். நீ முந்திக்கிட்ட."

குட்டி நீட்டிய தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வங்கி அதிகாரி எதற்கும் இருக்கட்டும் என்று வேகத்தைக் குறைத்தார்.

"மடியில என்ன?"

"துணி. அம்மா குடுத்தாங்க."

"உங்கம்மாவுக்குப் போன் போடு. சத்தமா வை."

அம்மா அன்று அத்தை வீட்டில் இருந்தாள். மிச்சத் தட்டுகளில் தன் பொருள் ஏதும் விட்டுப்போகவில்லையே என்று உறுதி செய்துகொள்ளப் போயிருந்தாள். "நல்லா இருக்கியாம்மா? துணியெல்லாம் பிடிச்சிருக்கா?" என்று அவள் குரல் வண்டிக்குள் நிறைந்தது.

"நல்லா இருக்கேன் மேடம். நான் எடுக்கலைன்னு ஒரு வாட்டி சொல்லுங்க."

"அதான் தெரிஞ்சு போச்சே."

"தெரிஞ்சது வேற. நீங்க வாயால சொல்லணும்."

"இதென்ன சின்னப் பிள்ளையாட்டம்? வயசான காலத்துல நான் போய்..."

போன் கை மாறிய சத்தம் கேட்டது. அடுத்து வந்தது அத்தையின் குரல், தெளிவாக, நிறுத்தி நிறுத்தி. "சால்வைய எடுத்தது நான்தாம்மா. நீ எடுக்கல. எனக்குக் குளிரா இருந்துது. உன்னை அனுப்பினது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். தப்பு என்னோடது."

வெட்கம் என்பதே தெரியாதவளுக்கு அது அவ்வளவு சுலபமாக வந்தது. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிங்க" என்றாள். "இப்ப அவங்ககிட்டக் குடுங்க."

போன் மறுபடி கை மாறியது. பிறகு அம்மா, மருந்து குடிக்கிறவள் போல, "நீ எடுக்கல" என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் அந்த மாதத்தில் அவள் செய்த ஒரே நல்ல காரியமாக இருந்திருக்கும். "ஆனா அப்பக் காணாமப் போன அந்த இஸ்திரிப் பெட்டிய எடுத்தது யாருன்னு மட்டும் இன்னும்..."

"இஸ்திரிப் பெட்டியா?" பின்னாலிருந்து அத்தையின் குரல். "பால்கனியில இருக்கே அண்ணி. அதையும் கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. பிரேக்கை மிதித்தது அக்காதான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க இருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்த குட்டிக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. வங்கி அதிகாரி, தான் செய்த தப்போ என்று கியரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை எடுத்தபோது அக்காவின் முகம் பழையபடி இருந்தது. "இங்க எறங்கிக்கோ பாப்பா. இந்தப் பையையும் எடுத்துட்டுப் போ. அடுத்தவங்க துணி எனக்குச் சேராது."

குட்டி அலமாரியை ஒருவழியாக முடித்துக் கொடுத்தாள். புதுக் கீல் போட்ட கதவு ஒரு விரலால் தள்ளினாலே சாத்திக்கொண்டது. மாமாவின் சட்டைகளுக்கு நடுவில் நல்ல இடம் விட்டாள். அத்தைக்கு அதில் பெரிய மகிழ்ச்சி இல்லை. உள்ளே பார்த்தால் ஹோட்டல் ரூம் மாதிரி இருக்கிறது என்றாள். அம்மா, அந்தப் பெண்ணிடம் தானே பேசி எல்லாவற்றையும் நேர் செய்துவிட்டதாக இன்றுவரை சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சால்வையை ஒருநாளும் போர்த்திக்கொண்டதில்லை.

கட்டுப் பிரித்த அடுத்த வாரம், அத்தை டப்பாவைப் பிரித்து அந்தப் புது ஷூவைப் போட்டுக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கப் போவதாகத்தான் குட்டியிடம் சொன்னாள். திரும்பி வரும்போது பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டிருந்தாள். "நானும் கத்துக்கட்டுமான்னு கேட்டேன். சரின்னா" என்றாள். குட்டி நம்பாமல் அக்காவுக்கே போன் செய்தாள். நிஜமாகவே சரி என்று சொல்லியிருந்தாள், கண்ணைத் திறந்துகொண்டு.

வாரத்தில் இரண்டு நாள் அக்கா அவளைத் தெருத் தெருவாகத் திட்டுகிறாள். அத்தனை வருஷம் இத்தனை பஸ்ஸை உள்ளே வா, வெளியே போ என்று சொன்னவருக்கு ஒரு காரைத் திருப்பத் தெரியவில்லையே என்கிறாள். அத்தை எல்லாவற்றுக்கும் 'ம்' என்று தலையாட்டிவிட்டு, மறுபடி தப்பான பக்கம் திருப்புகிறாள். தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று.

சால்வைக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் சிரித்து மழுப்பிய அம்மா, இதைக் கேள்விப்பட்டதிலிருந்து அத்தையோடு பேசுவதில்லை. போயும் போயும் அவளிடமா கற்றுக்கொள்ள வேண்டும், குடும்ப மானம் என்ன ஆவது என்று குட்டியிடம் குறைப்படுகிறாள்.